மூத்த ஹாம்களின் கதையை எதில் காப்பாற்றுவது: எழுத்தா, லாக் புத்தகமா, காணொளியா, குரலா?

பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் வைத்து மற்றவர்களோடு பேச அரசு உரிமம் பெற்றவர்கள்தான் ஹாம்கள். நம் ஊரில் 1960களிலும் 70களிலும் உரிமம் வாங்கிய ஹாம் வானொலிக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது எழுபதுகளிலோ எண்பதுகளிலோ இருக்கிறார்கள். ராணுவம் கழித்துவிட்ட ரிசீவரையும் பழைய ரேடியோவில் கழற்றிய வால்வுகளையும் வைத்துத் தாங்களே டிரான்ஸ்மிட்டர் கட்டியவர்கள் இவர்களில் நிறையப் பேர். மொட்டை மாடியில் கம்பி இழுத்து, மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் ஆன தந்தி மொழி) தேர்வில் தேறி வந்தவர்கள். இவர்களுடைய அனுபவத்தைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படி என்று கேட்டால்தான் கருத்து பிரிகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் பதிவுதான் முதலிடம். அதுவும் அந்த ஹாமின் லாக் புத்தகத்தை, அதாவது ஒவ்வொரு வானொலித் தொடர்பையும் குறித்து வைத்த ஏட்டை, மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டு செய்யும் பதிவு. மற்ற வழிகளை ஏன் பின்னால் வைக்கிறேன் என்று பார்க்கலாம்.

'நீங்களே எழுதிக் கொடுங்கள் ஐயா' என்று கேட்பது எல்லாவற்றிலும் சுலபமான வழி. அமெரிக்காவில் 1947ல் தொடங்கிய குவார்ட்டர் செஞ்சுரி வயர்லெஸ் அசோசியேஷன், முதல் உரிமம் பெற்று 25 ஆண்டுகள் ஆனவர்களின் சங்கம். அங்கே உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தில் பெயரும் ஆண்டும் கால்சைனும் (ஹாமின் அடையாளக் குறியீடு) பிசகாமல் நிற்கும், தேடினால் உடனே கிடைக்கும். ஆனால் ஹாம்களை எழுதச் சொன்னால் பல நேரம் கருவிப் பட்டியல்தான் வரும். முதலில் இந்த ரிக் (வானொலிக் கருவி), அப்புறம் அந்த ரிக், இத்தனை நாடுகளோடு தொடர்பு, இன்ன ஆன்டெனா. அந்த ரிக் வாங்க வீட்டில் எதை விற்றார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு மோர்ஸ் கீ தட்டும் சத்தத்துக்கு வீட்டம்மா என்ன சொன்னார் என்பதெல்லாம் காகிதத்துக்கு வராது. இன்னொன்று, நம் ஹாம்கள் வானொலியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள். எழுதச் சொன்னால் அதே சுருக்கமான ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். வீட்டுக் கதை தமிழில்தான் வரும், அதுவும் பேச்சில்தான் வரும்.

அடுத்தது ஆவணங்கள்: லாக் புத்தகங்களும், தொடர்பை உறுதிசெய்து ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் க்யூ.எஸ்.எல். அட்டைகளும். இவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. லாக்கின் ஒரு வரியில் தேதி, ஜி.எம்.டி.யில் நேரம், அலைவரிசை, எதிரில் இருந்தவரின் கால்சைன், சிக்னல் எப்படிக் கேட்டது என்று கொடுத்த ரிப்போர்ட், வாங்கிய ரிப்போர்ட் எல்லாம் இருக்கும். ஓரத்தில் பென்சிலில் 'கரண்ட் போய்விட்டது' என்று ஒரு குறிப்புகூட இருக்கலாம். நாற்பது வருடம் கழித்து நினைவு ஏமாற்றும், லாக் ஏமாற்றாது. வியன்னாவில் வுல்ஃப் ஹரான்த் என்ற வானொலிக்காரர் வளர்த்தெடுத்த ஆவணக் காப்பகத்தில் லட்சக்கணக்கான க்யூ.எஸ்.எல். அட்டைகள் பாதுகாக்கப்படுகின்றன. காலமான ஹாம்களின் சேகரிப்புகளையும் வாங்கி வைக்கிறார்கள். நம் ஊரில் அவை பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன என்பது நெஞ்சை அறுக்கும் விஷயம்.

ஆனாலும் லாக் மட்டும் போதாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் ஒலியே கேட்காததால், அந்த ஒரு தொடர்புக்காக உலகெங்கும் ஆட்கள் முண்டியடித்தார்கள். 26ஆம் தேதி காலை நிலநடுக்கம், பிறகு சுனாமி. அதே குழு அதே கருவிகளோடு அவசரச் செய்திகளைக் கடத்தத் தொடங்கியது. லாக்கைப் புரட்டினால் தொடர்புகள் எந்த நிமிடத்தில் நின்றன என்று கண்டுபிடிக்கலாம். அறை குலுங்கியபோது என்ன செய்தார்கள், தன் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதை அங்கிருந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

1942ல் பம்பாயில் நடந்த ரகசிய காங்கிரஸ் வானொலிக்கும் இது பொருந்தும். ஒலிபரப்பில் பேசியது என்ன என்பதைப் போலீசே ஒட்டுக்கேட்டு எழுதி வைத்த தாள்கள் காட்டுகின்றன. ஆனால் கைதான இரவில் போலீஸ் உள்ளே நுழைந்த பிறகும் வந்தே மாதரம் இசைத்தட்டை நிறுத்த மறுத்ததை, அந்த வானொலியை நடத்தியவர்களில் ஒருவரான உஷா மேத்தா பிற்காலத்தில் தன் வாயால் சொன்னபோதுதான் அந்த இரவுக்கு உயிர் வந்தது.

காணொளிக்கு இப்போது மவுசு அதிகம். விளக்கு, கேமரா, பின்னால் அலமாரி நிறையக் கருவிகள், பார்க்க அழகுதான். ஆனால் கேமராவைக் கண்டதும் பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து, விழா மேடையில் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரே ஒரு காரியத்துக்குக் காணொளியை விட்டால் வேறு வழியில்லை: கை. மோர்ஸ் கீயில் மணிக்கட்டு எப்படி எழுந்து விழுகிறது, முழங்கை மேசையில் எங்கே ஊன்றுகிறது என்பதைச் சொல்லி விளக்க முடியாது. பழகியவர்கள் கால்சைன் வருமுன்பே தட்டும் பாங்கை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்தக் கையைப் பத்து நிமிடம் படம் பிடித்தால் போதும்.

நண்பர்கள் சிலர், காலை நேர 7 மெகாஹெர்ட்ஸ் நெட்டில் (ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) பேசும்போதே பதிவு செய்துவிடலாம் என்கிறார்கள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மைக்கைக் கையில் பிடித்துப் பழைய நண்பரோடு பேசும்போது சிலருக்கு வரும் சரளம் நேரில் வராது. ஆனால் ஹாம்கள் பேசப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.பி. முறையில் குரல் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நசுங்கிப் போகும், போதாததற்கு இரைச்சல் வேறு. தவிர, ஊரே கேட்கும் அலையில் யாரும் சொந்தக் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள்.

குரல் பதிவுக்கு வருகிறேன். இஸ்ரேலில் இருக்கும் எரிக் கத் என்ற ஹாம் 2014ல் தொடங்கி நூற்றுக்கணக்கான ஹாம்களை நீண்ட நேரம் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஆளைப் பேசவிட்டால் எவ்வளவு வரும் என்பதற்கு அதுவே சாட்சி. செலவும் குறைவு. காப்பகங்கள் கேட்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர மோனோ பதிவு சுமார் 520 எம்.பி.தான். நல்ல கைபேசியே போதும். மடித்த துண்டின் மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறி இல்லாமல் மதியத்தில் உட்கார முடியாது, அதனால் காலையில் போங்கள்.

'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று தொடங்காதீர்கள். லாக்கில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'இந்த ராத்திரி ஒரு மணிக்கு யாரோடு பேசினீர்கள்?' என்று கேளுங்கள். வயதில் காது மந்தமானவர்களுக்குப் பேச்சு சரியாகப் பிடிபடாது. உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும் என்பதால், 700 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும் மோர்ஸ் ஒலி அவர்களில் பலருக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும். மோர்ஸ் தெரிந்தவர் கூட இருந்தால் கேள்வியைத் தட்டியே கேட்கலாம். இல்லையென்றால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டலாம்.

கேட்பவர் இன்னொரு ஹாமாக இருந்தால் நுட்பம் ஆழமாக வரும், ஆனால் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் சொல்லாமலே விட்டுப்போகும். பேத்தி கேட்டால் 'அது என்னது தாத்தா?' என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்துவாள், அவரும் விளக்குவார். முதல் அமர்வைப் பேத்தியிடமும் இரண்டாவதை ஹாமிடமும் கொடுப்பதே என் தேர்வு.

பதிவைக் கிளப் அலமாரியிலோ ஒருவருடைய யூடியூப் கணக்கிலோ மட்டும் விட்டுவிடக் கூடாது. இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2022ல் அமெச்சூர் (ஹாம்) வானொலிக்கென்றே ஒரு டிஜிட்டல் நூலகத்தைத் தொடங்கியிருக்கிறது. அங்கே ஒரு பிரதி, வீட்டில் ஒன்று, கிளப்பில் ஒன்று என்று வையுங்கள். யார் கேட்கலாம், எந்தப் பகுதியைத் தன் காலத்துக்குப் பிறகுதான் வெளியிடலாம் என்று அவரிடமே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் லாக் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.