வாக்தன் ஒப், ஆஃப்வாக்தன்: டச்சில் இரண்டு காத்திருப்புகள்

இரண்டுக்கும் தமிழில் 'காத்திரு' என்றே சொல்லிவிடலாம். டச்சில் அப்படி முடியாது.

ரயிலுக்கோ ஓர் ஆளுக்கோ காத்திருந்தால் 'வாக்தன் ஒப்'. இக் வாக்த் ஒப் ட ட்ரைன். 'ரயிலுக்காக' என்று நினைத்து 'ஒப்' இருக்கும் இடத்தில் 'ஃபோர்' போடுகிறோமே, அதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. 'இக் வாக்த் ஃபோர் ட டூர்' என்றால் கதவுக்கு முன்னால் நிற்கிறேன் என்று பொருள்! 'ஒப்' என்றால் 'மேல்' என்று மனப்பாடம் செய்ததை இங்கே மறந்துவிடுங்கள். வினையோடு சேர்த்து ஒரே சொல்லாகப் படியுங்கள்.

என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்ப்பது 'ஆஃப்வாக்தன்'. தேர்வு முடிவு வரட்டும் என்று இருப்பவர், 'இக் வாக்த் ட அவுட்ஸ்லாக் ஆஃப்' என்பார். 'ஆஃப்' பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. 'ஒப்' அப்படி ஓடாது, பெயர்ச்சொல்லின் முன்னாலேயே நிற்கும். கடந்த காலத்திலும் வேறுபாடு தெரியும்: ஒன்று 'கெவாக்த்', மற்றது நடுவில் 'கெ' நுழைந்த 'ஆஃப்கெவாக்த்'.

'அதற்காக' என்று சுட்டும்போது முதலாவது 'எர்ஒப்' ஆகும். ஆள் என்றால் 'ஒப் ஹெம்'. இரண்டாவதற்கு 'ஹெட்' போதும்: இக் வாக்த் ஹெட் ஆஃப்.

'ஓம்டாட்' (ஏனென்றால்) வந்துவிட்டால் வினை கடைசிக்குப் போகும், பிரிந்த 'ஆஃப்' மறுபடி ஒட்டிக்கொள்ளும்: ஓம்டாட் இக் ட அவுட்ஸ்லாக் ஆஃப்வாக்த். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இந்த வாக்கியம்தான் எளிது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

ஐயம் வந்தால் ஒரு கேள்வி: வரப்போவது ஆளா வண்டியா, இல்லை முடிவா? முடிவு என்றால் 'ஆஃப்'.