ஹைரூலை அளந்து பார்த்தேன்

விளையாடுகிறவரை ஒரு பெரிய கற்பனை நிலத்தில் இஷ்டப்படி திரியவிடும் ஓப்பன் வேர்ல்ட் கேம் ஒன்றின் விளம்பரத்தைப் பாருங்கள். கதை என்ன, நாயகன் யார் என்பதற்கு முன்பே பரப்பளவு வந்துவிடும். போன பாகத்தைவிட இத்தனை மடங்கு பெரியது, குறுக்கே நடக்க இத்தனை நேரம் ஆகும், கண்ணில் படும் மலை எதுவானாலும் ஏறலாம். 2016இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' 18 குவின்டில்லியன் கிரகங்கள் என்று சொல்லி விற்றது. 2023இல் 'ஸ்டார்ஃபீல்ட்' ஆயிரத்துக்கும் மேல் என்றது. நான் நில அளவைத் துறையில் சம்பளம் வாங்குகிறவள். பரப்பளவு என்பது பட்டாவில் எழுதுவதற்கான எண். அந்த நிலத்தில் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. பத்து ஏக்கரில் ஒரு முள்செடிகூட இல்லாத பொட்டலையும் அளந்திருக்கிறேன்; ஐந்து சென்டில் ஒரு கிணறு, ஒரு புளியமரம், மூன்று வழக்குகள் உள்ள இடத்தையும் அளந்திருக்கிறேன்.

ஆகவே இந்த வகை கேம்களிடம் நான் கேட்பது வேறு. நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் 'அங்கே போக வேண்டும்' என்று தோன்றுகிறதா? போகிற வழியில் மனம் மாறி வேறு எங்காவது போய்விடுகிறேனா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் ஆரவாரத்தில் உண்மை இருக்கிறது.

ஆரவாரத்தின் பெரும் பங்கு ஒரே ஒரு கேமின் தலையில் ஏற்றப்பட்டிருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்: 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. ஹைரூல் என்பது அது நடக்கும் கற்பனை நாடு. 2017 மார்ச் 3 அன்று, நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் விற்பனைக்கு வந்த அதே நாளில் வந்தது. எனக்கு வெகு தாமதமாகத்தான் கிடைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் புதிய கன்சோல் வாங்கியபோது பழையதை என் பக்கம் தள்ளிவிட்டான். "சித்தி, நீங்கள் இன்னும் அளக்காத ஊர் ஒன்று இதற்குள் இருக்கிறது" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

நூறு ஆண்டு உறக்கத்திலிருந்து எழும் நாயகன் லிங்க், ஒரு பீடபூமியில் தொடங்குகிறான். சுற்றிலும் செங்குத்துச் சரிவு, குதித்தால் சாவு. புகையும் எரிமலை, இருள் சுற்றிய கோட்டை, நடுவில் பிளந்து நிற்கும் இரட்டைச் சிகரம் எல்லாம் இங்கிருந்தே தெரிகின்றன. ஆனால் காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடர் இல்லாமல் கீழே இறங்க முடியாது. அதை ஒரு கிழவர் வைத்திருக்கிறார். உள்ளே புதிர் வைத்திருக்கும் நான்கு கோயில்களை முடித்தால்தான் அது கைக்கு வரும். முதல் கோயிலை அவரே காட்டிவிடுகிறார், மற்ற மூன்றில் எது முதலில் என்று சொல்வதில்லை. பனிமலைப் பகுதிக் கோயில்களுக்குப் போனால் குளிரில் உயிர் குறையும். மிளகாயைச் சமைத்துத் தின்றுவிட்டுப் போகலாம். எரியும் தீவட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். கிழவரிடம் கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டும் போகலாம். பள்ளத்தைத் தாண்ட வேண்டுமா, ஓரத்து மரத்தை வெட்டிச் சாய்த்தால் பாலம். யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பதில்லை. இந்தப் பீடபூமி முழு நிலத்தில் ஒரு சிறு துண்டுதான், ஆனாலும் முழு கேமின் இலக்கணமும் இதற்குள் வந்துவிடுகிறது. ஓப்பன் வேர்ல்ட் கேம்களின் தொடக்கங்களில் இதற்கு நிகராக நான் வேறொன்றைப் பார்க்கவில்லை.

அடுத்து, வரைபடம். எனக்குத் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007இல் முதல் 'அசாசின்ஸ் கிரீட்' வந்ததிலிருந்து உயரமான கோபுரம் ஏறி வரைபடத்தைத் திறப்பது இந்த வகை கேம்களில் சடங்காகிவிட்டது. ஏறினால், சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே பெட்டி, எங்கெங்கே வேலை என்று சின்னச் சின்னக் குறிகள் கொட்டும். அதே வரிசையில் 2014இல் வந்த 'யூனிட்டி'யில் பாரிஸ் நகரத் தெருக்களே தெரியாத அளவுக்குக் குறிகள். பிறகு விளையாடுகிறவர் செய்வது குறிகளை ஒவ்வொன்றாக அழிப்பது. அரசு அலுவலகத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு நிலுவைப் பட்டியல் வீட்டிலும் வேண்டியதில்லை. 2018இல் அதே வரிசையின் 'ஒடிஸி'யில் குறிகளைக் குறைத்து, 'இந்த ஆற்றுக்கு வடக்கே, அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்' என்று துப்பு மட்டும் தரும் முறையையும் சேர்த்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நல்ல திருத்தம்.

ஹைரூலிலும் கோபுரங்கள் உண்டு, 15. ஏறினால் கிடைப்பது நிலத்தின் வடிவம் மட்டும்: மலை, ஆறு, சாலை, சம உயரக் கோடுகள். ஆம், கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி என்று படிக்கத் தெரிந்தவருக்கு அந்த வரைபடம் பேசும். எங்கே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. கோபுர உச்சியில் நின்று தொலைநோக்கியில் பார்த்து, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் கோயிலையோ சந்தேகப்படும்படியான பாறை வட்டத்தையோ நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும். களத்துக்குப் போகாமல் புலப்படம் வரைகிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது.

இந்த நிலத்தை எப்படி அமைத்தார்கள் என்பதை வடிவமைத்தவர்களே 2017இல் ஜப்பானில் கேம் உருவாக்குபவர்களுக்காக நடக்கும் செடெக் மாநாட்டில் விளக்கினார்கள். எல்லாம் முக்கோணங்கள். பெரிய முக்கோணம் தூரத்திலிருந்து இழுக்கும் மலை. நடுத்தர முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும் குன்று. சிறியது, நடைக்கு ஏற்ற இறக்கம் தரும் பாறை. முக்கோணத்தின் முன் நிற்பவருக்கு ஏறுவதா, சுற்றிப் போவதா என்ற தேர்வு தானாக வந்துவிடும். ஏறினாலோ சுற்றினாலோ மறைந்திருந்தது மெல்ல வெளிப்படும். அதுவரை தெரியாத ஒரு கோயில், ஒரு புகை, ஒரு முகாம். முக்கோண அளவைக்கு எங்கள் துறையில் பெரிய பரம்பரை உண்டு. 1802இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கியதுதான் இந்தியாவையே முக்கோணங்களால் மூடியது. ஆனால் அங்கே பார்வை மறையாமல் இருக்க உயரமான இடங்களைத் தேடினார்கள். மறைப்பு எங்களுக்கு எதிரி. ஹைரூலில் மறைப்புதான் மூலதனம். இது புரிந்த பிறகு நான் குன்றுகளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன், சந்தேகம் பெரும்பாலும் வீண்போகவில்லை.

தூரங்களைச் சரிபார்க்க, இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி தமக்குப் பழக்கமான கியோட்டோ நகர வரைபடத்தை இந்த நிலத்தின் மேல் வைத்து ஒப்பிட்டார். அங்கிருந்து இங்கே நடக்க எவ்வளவு நேரம் என்று காலுக்குத் தெரிந்த ஊர் அது. சதுர கிலோமீட்டரைக் கத்துகிற விளம்பரக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மழையைப் பற்றி எல்லோரும் திட்டுகிறார்கள். மழை வந்தால் பாறை வழுக்கும். பாதி ஏறிய மலையிலிருந்து சறுக்குவீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய பாறை இடுக்கில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்போதுதான் எதிர்ப்பக்கச் சரிவில் ஒரு குகைவாய் தெரியும். இடி இடித்தால் உலோக வாளையும் கேடயத்தையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மின்னல் உங்கள் மேல்தான். மின்னல் நேரத்தில் உயரம் அளக்கும் அலுமினியக் கோலான லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு வயலில் நின்ற எவரும் இந்த விதியை ரசிப்பார்கள். புல்லுக்குத் தீ வைத்தால் மேல்காற்று எழும், அதில் பாராகிளைடரை விரித்து உயரலாம். இப்படி ஒன்றோடொன்று பொருந்தும் விதிகள் இருப்பதால்தான் நிலம் வெறும் மேடைத் திரையாக இல்லாமல் இருக்கிறது. ஆயுதங்கள் உடைவது பற்றி மட்டும் நான் மற்றவர்கள் கட்சி. நல்ல வாள் கிடைத்தால் பயன்படுத்தாமல் பரணில் போட்டு வைக்கிற கஞ்சத்தனத்தைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது.

கேமின் உச்சம் என்று நான் சொல்வது தென்கிழக்குக் கடைக்கோடியில் இருக்கும் ஈவன்டைட் தீவை. மிதந்தோ பறந்தோ போய்ச் சேர்ந்தால், சேர்த்து வைத்த அத்தனை ஆயுதம், உடை, உணவு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு விடுகிறார்கள். மூன்று உருண்டைகளை மூன்று பீடங்களில் சேர்த்தால்தான் திரும்பக் கிடைக்கும். ஓர் உருண்டை, தூங்குகிற ஓர் ஒற்றைக்கண் அரக்கனின் கழுத்தில் தொங்குகிறது. கையில் மரக்கிளை. முழுத் தீவையும் நின்ற இடத்திலிருந்து பார்த்துவிடலாம், அவ்வளவு சின்னது. மொத்த ஹைரூலிலும் நான் இவ்வளவு கவனமாக நடந்த இடம் வேறு இல்லை.

இனி குறை. பாதி நிலம் நடந்த பிறகு ஒரு அலுப்பு தட்டும். கோயில்கள் மொத்தம் 120. வெளியே பனி, பாலை, காடு என்று எத்தனை மாற்றமோ, உள்ளே அத்தனையும் ஒரே நீலநிற மண்டபம். புதிர் நன்றாக இருக்கும், ஆனால் கதவைத் திறக்கும்போது என்ன இருக்கும் என்ற ஆவல் போய்விடும். சிலவற்றில் புதிரும் இல்லை. அதே இயந்திர எதிரி, கொஞ்சம் கூடுதல் பலத்தோடு. எதிரிகளின் வகைகளும் குறைவு, நிறம் மாற்றி மாற்றி வருகிறார்கள். பாறைக்கடியிலும் மரத்தின் உச்சியிலும் ஒளிந்திருக்கும் கொரொக் விதைகள் 900. இவற்றைக் கொடுத்தால் ஆயுதங்கள் வைக்கும் பை பெரிதாகும்; அது முழுவதும் பெரிதாக 441 போதும். 900ஐயும் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு, தங்க நிறத்தில் ஒரு சாணக் குவியல். வடிவமைத்தவர்களே சிரித்துக்கொண்டு 'போதும், வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

இந்த அலுப்பு ஹைரூலுக்கு மட்டும் உரியதல்ல, பெரிய நிலத்தின் கூடப் பிறந்த நோய். 2015இன் 'விட்சர் 3' எழுத்துக்காகக் கொண்டாடப்பட்டது, நியாயம்தான். ஆனால் ஸ்கெலிகே கடலெங்கும் கேள்விக்குறிகளைத் தூவி, படகில் போய்க் கடத்தல் சரக்கைப் பொறுக்கச் சொன்னது யார் யோசனையோ. 2022இன் 'எல்டன் ரிங்'கை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். லிம்கிரேவ் காட்டுக்குள் ஒரு சாதாரண மண்டபம், உள்ளே ஒரு லிஃப்ட். அது இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் பூமிக்கடியில் நட்சத்திர வானம். வரைபடத்தில் அதற்கு இடமே இல்லை, பிறகுதான் தனி அடுக்காகச் சேர்கிறது. அதே கேம் பின்பாதியில் ஒரே மாதிரிப் பாதாளக் கல்லறைகளையும், முன்பே கொன்ற அரக்கர்களையும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வேறு வகை ஏமாற்றம். 2018இல் வந்த அந்தக் கேமின் மலைகளும் சேற்றுத் தெருக்களும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. 1899இன் அமெரிக்காவைக் கற்பனை மாகாணங்களாக்கி, குதிரையில் திரிய விட்டிருக்கிறார்கள். ஆனால் கதைப் பணி தொடங்கிய நொடியில் கயிறு இறுகிவிடும். இந்த வழியாகப் போ, இந்த இடத்தில் ஒளிந்துகொள், பக்கவாட்டில் போய்ச் சுற்றி வளைக்கலாம் என்று விலகினால் பணி தோல்வி. நிலம் திறந்திருக்கிறது, கதை பூட்டியிருக்கிறது. ஹைரூலில் பீடபூமியிலிருந்து இறங்கியதும் நேராகக் கோட்டைக்குப் போய்க் கடைசி எதிரியான கானனோடு மோதலாம். தோற்பீர்கள், ஆனால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

2023 மே மாதம் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' அதே ஹைரூலுக்கு மேலே வான்தீவுகளையும் கீழே ஒரு பாதாளத்தையும் சேர்த்தது. பாதாளம் மேல்நிலத்தின் தலைகீழ்ப் பிரதி: மேலே மலை என்றால் கீழே பள்ளம், மேலே ஆறு ஓடினால் கீழே தாண்ட முடியாத சுவர். மேலே கோயில் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒளி தரும் வேர். மேல்வரைபடத்தை வைத்துக்கொண்டு இருட்டில் வழி கண்டுபிடித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் சம்பளக் கமிஷன் வந்தபோதுகூடக் கிடைத்ததில்லை. ஆனால் அதில் பொருள்களை ஒட்டி வாகனம் செய்யும் திறன் உண்டு. இரண்டு விசிறிகளையும் ஒரு பிடிகம்பத்தையும் ஒட்டினால் பறக்கும் வண்டி தயார். அதற்குப் பிறகு சரிவு, மழை, மறைக்கும் குன்று எதற்கும் அர்த்தம் இல்லை. முக்கோணங்களின் தலைக்கு மேல் பறந்து போய் இறங்கிவிடலாம். புத்திசாலித்தனமான கருவிதான், ஆனால் முதல் கேம் பாடுபட்டுக் கட்டியதை அது ஒரு நிமிடத்தில் கலைத்துவிடுகிறது.

வாங்கலாமா என்று கேட்டால்: 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' வாங்கலாம், ஸ்விட்ச் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இதற்காகவே கன்சோல் வாங்க நினைப்பவர் பழையது கிடைக்குமா என்று பாருங்கள். அமைப்புப் பக்கத்தில் திரைக்குறிகளை 'ப்ரோ' நிலைக்கு மாற்றுங்கள். மூலையில் இருக்கும் குட்டி வரைபடம் மறைந்துவிடும், கண் நிலத்துக்குப் போகும். கோயில்களை எண்ணாதீர்கள். அலுப்பு தட்டுகிற அன்றைக்கே கோட்டைக்குள் நுழைந்து கதையை முடித்துவிடுங்கள், மிச்சம் இருக்கிற நிலம் மிச்சமாகவே இருக்கட்டும். பறக்கும் வண்டி உள்ள இரண்டாம் பாகத்தை இதற்கு முன்னால் மட்டும் விளையாடிவிடாதீர்கள்.