750 வாட் ஸ்டிக்கர் ஒட்டின தகர டப்பாவால் 29,900 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 29,900 ரூபாய் போய்விட்டது. சொந்தமாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை டப்பா) எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்கு ஏற்காடு. ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு வருஷமாகக் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்திருந்தேன், எஸ்எம்பிஎஸ் மட்டும் பாக்கி. நல்ல கம்பெனியில் 550 வாட், பிரான்ஸ் (வெண்கலம்) தரம் என்று சீட்டில் எழுதிக்கொண்டு சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "இது ஸ்டாக் இல்ல தம்பி. இதைப் பாருங்க, 750 வாட், கோல்டு, 3,400தான். என் பையனுக்கே இதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றார் கடைக்காரர். டீ வேறு வரவழைத்தார். கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது. கேட்டேன். "இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான்." அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் மகன் பேச்சை எடுத்துவிட்டாரே, சொந்தப் பிள்ளைக்கு யாராவது மட்டமானதை மாட்டுவார்களா என்று நம்பிவிட்டேன்.

பதினோராம் நாள் ராத்திரி, கேம் லோடாகும்போது இரண்டு தடவை தானாக ஆஃப் ஆகி ஆன் ஆனது. மூன்றாவது தடவை 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாடை. கிராபிக்ஸ் கார்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கார்டு 26,500, இது 3,400. ஆக 29,900.

கழற்றினபோதுதான் கேபினட் சுவர்ப்பக்கம் மறைந்திருந்த லேபிளைப் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 750. அடியில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 20 ஆம்ப். பெருக்கினால் 240 வாட்! கார்டும் பிராசசரும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடும். கார்டு மட்டுமே 170 கேட்கும், பிராசசர் 76 வரை இழுக்கும், போர்டு, ஃபேன் எல்லாம் தனி. அவர்களே அச்சடித்துத்தான் வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

அப்புறம் அலைச்சல். முதல் தடவை "ஓனர் வெளியூர்". அடுத்த தடவை "கம்பெனி ஆள் வந்து பாக்கணும்". மூன்றாவது தடவை, "மலையில இடி இடிச்சிருக்கும், வோல்டேஜ் ஏறியிருக்கும், அதுக்கு நாங்க என்ன பண்றது?" அன்றைக்கு ஏற்காட்டில் ஒரு சொட்டு மழை இல்லை, பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிறேன். இப்போது போன் பண்ணினால், டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள் "யாருங்க?" என்கிறார். பில்லைக் காட்டலாம் என்றால் அது துண்டுச் சீட்டு, "எஸ்எம்பிஎஸ் 1" என்று மட்டும் இருக்கிறது. ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்றார், நானும் தலையாட்டினேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப் என்று பாருங்கள், 650 வாட் என்றால் கிட்டத்தட்ட 54 இருக்க வேண்டும். கோல்டு, பிரான்ஸ் எல்லாம் எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதற்கான தரம்தான், அதிலும் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், இந்தத் தரச் சான்று கொடுக்கிற 80 பிளஸ் தளத்தில் மாடல் நம்பரைத் தேடிப் பாருங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலைதான் கூப்பிட்டேன்.