இரட்டை வார் செருப்பு: அசலோடும் சாயலோடும் மூன்றரை வருஷம்

மன்னார்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் ஐந்து பீரியடாவது நின்றுகொண்டேதான் பாடம். குதிகால் வாதம் வந்து, காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கவே பயந்த நாட்களில், 2022 தை மாதம், பிர்கென்ஸ்டாக் என்ற ஜெர்மன் கம்பெனியின் அரிசோனா செருப்பு வாங்கினேன். கிட்டத்தட்ட 7,000 ரூபாய். "ஒன்றரை கிராம் தங்கத்தைக் கால்ல மாட்டிக்கிட்டுப் போறியேம்மா" என்றார் மாமியார்.

அதே இரட்டை வார், அதே பக்கிள் வைத்த சாயல் செருப்புகளைக் கும்பகோணத்திலும் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒன்று 450, இன்னொன்று 650. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்னுடைய அசலின் வாரும் தோல் இல்லை, செயற்கைப் பொருள்தான். தோல் வார் வேண்டுமென்றால் விலை இன்னும் ஏறும்.

வித்தியாசம் எல்லாம் பாதம் படுகிற இடத்தில். அசலில் கார்க்கும் லேட்டக்ஸும் கலந்த அடி; குதிகால் உட்காரக் குழி, விரல்களுக்குக் கீழே சின்ன மேடு. முதல் இரண்டு வாரம் பலகைமேல் நடப்பது போல இருந்தது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் மெல்லப் படிந்தது. இன்று உள்ளே ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்து கறுத்திருக்கின்றன. 450 ரூபாய் செருப்பில் கார்க் போலத் தெரிந்தது ஓரத்தில் ஒட்டியிருந்த அச்சுத் தாள். மூன்றாம் மாதம் அது உரிந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. முதல் நாள் மெத்தென்று இருந்த பஞ்சு குதிகால் பக்கம் அமுங்கிப்போக, வலி திரும்பிவிட்டது. (அசலால் மட்டும் வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்ன பயிற்சிகளையும் விடாமல் செய்தேன்.)

650 ரூபாய் ஜோடியை எட்டு மாதம் போட்டுவிட்டுப் பரணில் வைத்தேன். ஒரு வருஷம் கழித்து எடுத்தால் சோல் புட்டு மாதிரி உதிர்ந்தது. பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோல் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதையும். நம் பக்கத்து ஈரத்தில் சும்மா வைத்தாலும் போய்விடும்.

அசலுக்கும் மழை ஆகாது. ஒரு ஐப்பசியில் நனைந்ததை மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன், கார்க் ஓரம் வெடித்துவிட்டது. அது என் தவறு. நிழலில்தான் காய வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைக்கும் அண்ணன் ஓரத்துக்குப் பசை கொடுத்து, தேய்ந்திருந்த அடிக்குப் புது ஷீட் ஒட்டிக் கொடுத்தார், 350 ரூபாய். கையோடு கொண்டுபோன 450 ரூபாய் செருப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பஞ்சுல ஊசி நிக்காது டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு விலையைவிடப் பெரிய விஷயம் இதுதான். ஒன்றைச் செப்பனிடலாம், மற்றதைத் தூக்கித்தான் போட வேண்டும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆடியோடு 42 மாதம். பழுதுச் செலவையும் சேர்த்தால் மாதம் 175 ரூபாய். சாயல் செருப்புகள் மாதம் 80, 90-க்குள் அடங்கிவிட்டன. பணம் மட்டும் பார்த்தால் சாயல்தான் லாபம். குதிகால் நன்றாக உள்ளவர்களுக்கு அதையே சொல்வேன்.

பெயர் போடாத சாயலை வாங்குவதில் எனக்குக் கூச்சமே இல்லை. இந்தச் செருப்பின் வடிவம் கலைப்படைப்பு ஆகாது என்று 2025 பிப்ரவரியில் ஜெர்மன் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கம்பெனி பெயரையே பொறித்து 1,200 ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறதே, அது வேறு. அது ஏமாற்று; தொடாதீர்கள்.

ராஜகோபாலசுவாமி கோயிலுக்கு மட்டும் இன்றும் அந்த உரிந்துபோன 450 ரூபாய் ஜோடியில்தான் போகிறேன். வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போக முடிகிறது.