கம்ப்யூட்டர்ல போன் மெசேஜ் வர்றத நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, என் அனுபவம்

வீட்டு கம்ப்யூட்டர்ல போன் எஸ்எம்எஸ் எல்லாம் வந்து விழற மாதிரி வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க, அதுவும் என்ன மாதிரி ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ் வேலை பாக்கறவங்கள கேட்டா அது இல்லாம ஒரு நாள் ஓடாதுன்னு தான் சொல்வாங்க. நான் அத வருஷக்கணக்குல வெச்சிருந்து நல்லா அனுபவிச்சுட்டு அப்புறம் மொத்தமா நிறுத்தினவன். நிறுத்தியே இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. செட் பண்றது எப்படின்னு சொல்ல எத்தனையோ வீடியோ இருக்கு, நிறுத்தினா அதுக்கப்புறம் வேலை எப்படி ஓடும்னு யாரும் சொல்றதில்ல, அதனால தான் இத எழுதறேன்.

வேலூர் சத்துவாச்சாரில வீடு, முன்பக்க ரூம் தான் ஆபிஸ். ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர், ஒரு ஆண்ட்ராய்டு போன். பார்ட்டிங்க பெரும்பாலும் ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தோல், ஷூ அப்பர், கெமிக்கல் வியாபாரம், குடியாத்தத்துல கைலி நெய்யறவங்க கொஞ்சம் பேரு. இதுல சொந்தப் பேர்ல தொழில் பண்றவங்க ரிட்டர்ன ஈவிசி போட்டு ஃபைல் பண்ணலாம், அதாவது ரிஜிஸ்டர் பண்ண மொபைலுக்கும் மெயிலுக்கும் ஓடிபி வரும், அத அடிச்சா முடிஞ்சுது. எங்க பக்கம் என்ன வழக்கம்னா ரிஜிஸ்ட்ரேஷன் போடும்போதே "சும்மா சும்மா ஓடிபி கேட்டு போன் பண்ணாதீங்க சார், உங்க நம்பரே போட்டுக்கோங்க"ன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் 11ஆம் தேதி விற்பனை கணக்கு காட்டற ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி வரி கட்டற 3பி, மூணு மாசத்துக்கு ஒரு தடவ பண்றவங்களுக்கு 13, 22ன்னு அந்த நாளுங்க வந்துட்டா என் போன் அடங்கவே அடங்காது.

அந்த நேரத்துல, போன் மெசேஜ கம்ப்யூட்டர்ல காட்டற மைக்ரோசாஃப்டோட போன் லிங்க் ஆப் பெரிய உதவி, அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன். 2018ல யுவர் போன்னு வந்தது, 2022ல பேர மாத்தினாங்க, விண்டோஸோடவே வருது, தனியா காசு இல்ல. போன தொடாமலே ஓடிபி ஸ்க்ரீன் மூலைல வரும், காப்பி பண்ணி போர்ட்டல்ல ஒட்டிடலாம். பெரிய கீபோர்டுல தமிழ்ல நீளமா ரிப்ளை அடிக்கலாம். போன் உள் ரூம்ல சார்ஜ்ல இருந்தாலும் வேலை நிக்காது.

நான் நிறுத்தினதுக்கு காரணம் அந்த ஆப் இல்ல, எங்க ரூம் அப்படி. வேலூர் வெயில் தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேணாம், சித்திரை வைகாசில உள்ள வர ஆளு முதல்ல ஃபேன் எங்கன்னு தான் பாப்பாரு, அதுக்கு அடில சேர இழுத்துப் போட்டு உக்காருவாரு, எங்க ரூம்ல அங்க உக்காந்தா மானிட்டர் நேரா கண்ணுல படும். நான் அவருக்கு பில்லு போட்டுகினு இருப்பேன், மூலைல வேற ஒரு பார்ட்டியோட மெசேஜ் வந்து நிக்கும், பேரும் தெரியும் முதல் ரெண்டு வரியும் தெரியும். "சார் இந்த மாசம் கையில பணம் இல்ல, லேட் ஃபீ போட்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு ஒரு பார்ட்டி அனுப்பறது, எதிர்ல உக்காந்திருக்கிறவரு அதே பார்ட்டிக்கு கடனுக்கு சரக்கு குடுக்கறவரா இருந்தா என்ன ஆவும்? தோல் வியாபாரமே கடன் நாணயத்துல தான் ஓடுது. ஒருத்தருக்கு முடைன்னு வெளிய தெரிஞ்சா அடுத்த லோடுல இருந்து ரொக்கம் வெச்சா தான் சரக்குன்னு சொல்லிடுவாங்க. அவரு கண்ணு அந்த மூலைக்கு போறத ஒரு தடவ கவனிச்சுட்டா அப்புறம் அது உறுத்திகினே இருக்கும்.

சாயங்காலம் ஆனா அதே கம்ப்யூட்டர்ல என் பொண்ணு ப்ளஸ் டூ நோட்ஸ் எடுக்க உக்காருவா. "ப்பா, அந்த ஆம்பூர் அங்கிளுக்கு என்னமோ நோட்டீஸ் வந்திருக்காம்"னு சமையல் ரூம் வரைக்கும் கேக்கற மாதிரி சொல்வா. அவ மேல தப்பே இல்ல, ஸ்க்ரீன்ல வந்தத படிச்சா. அம்மாவோட ஆஸ்பத்திரி டெஸ்ட் மெசேஜும் இதே மாதிரி தான், வீட்டுல யாருக்கு எப்ப சொல்லணும்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஸ்க்ரீன் சொல்லிடும். பர்சனல் கம்ப்யூட்டர்னு பேரு, ஆனா நம்ம ஊர் வீடுங்கள்ல அது குடும்பத்துக்கே பொது. போன் மட்டும் தான் ஒரு ஆளோடது.

இதெல்லாம் கூட மூலைல வர பாப்அப்ப ஆஃப் பண்ணா சமாளிச்சிருக்கலாம். என்ன முழுசா நிறுத்த வெச்சது ரிமோட் சப்போர்ட் தான். அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல ஏதாவது மக்கர் பண்ணா சப்போர்ட் ஆளுங்க எனிடெஸ்க் மாதிரி ஆப் போட்டு நம்ம கம்ப்யூட்டர அங்க இருந்தே பாப்பாங்க, எங்க தொழில்ல அது தினசரி சமாச்சாரம். அவங்க நல்லவங்களாவே இருக்கட்டும், அந்த நேரத்துல ஸ்க்ரீன்ல என் போனோட எஸ்எம்எஸ் பூராவும் இருக்கு. இந்த மாதிரி ரிமோட் ஆப் மூலமா பணம் எடுக்கறாங்கன்னு ரிசர்வ் பேங்க் 2019லயே பேங்குங்களுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. மோசடிக்காரனுக்கு முதல்ல வேண்டியது ஸ்க்ரீன், அடுத்தது ஓடிபி. ஓடிபின்னு ஒண்ணு வெச்சதே பாஸ்வேர்டு திருடு போனாலும் ரெண்டாவது விஷயம் வேற ஒரு கருவில, நம்ம கையில இருக்கணும்னு தான். ப்ரவுசர்ல பாஸ்வேர்டு சேவ் ஆயிருக்கு, அதே கம்ப்யூட்டர்ல ஓடிபியும் வந்து விழுதுன்னா, கதவுக்கு ரெண்டு பூட்டு போட்டு ரெண்டு சாவியையும் வாசல்ல ஒரே ஆணில மாட்டின மாதிரி தான. என் பணம் மட்டும்னா நான் பாத்துப்பேன், அந்த போர்ட்டல் பாஸ்வேர்டுங்க எல்லாம் மத்தவங்க தொழில்.

சரி, நிறுத்தறது எப்படின்னா, ஒரே இடத்துல முடியாது, இத நல்லா கவனிங்க. போன் லிங்க் செட்டிங்ஸ்ல ஃபீச்சர்ஸ் உள்ள மெசேஜஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, அத ஆஃப் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க, பக்கத்துலயே நோட்டிஃபிகேஷன்ஸ்னு தனியா இன்னொண்ணு இருக்கு, அது போன்ல எந்த ஆப்ல என்ன வந்தாலும் கம்ப்யூட்டருக்கு அனுப்பற வேலை, ஓடிபி அந்த வழியா வந்துடும். ரெண்டையும் ஆஃப் பண்ணணும். அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸ்ல புளூடூத் அண்ட் டிவைசஸ், அதுக்குள்ள மொபைல் டிவைசஸ், அங்க இந்த கம்ப்யூட்டர் உங்க போன தொடலாமான்னு கேக்கற ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் லிஸ்ட்ல இருந்தா அங்கயும் எடுத்துடுங்க. போன் பக்கம் லிங்க் டு விண்டோஸ்னு ஜோடி ஆப் ஒண்ணு இருக்கும், அதுல கம்ப்யூட்டர நீக்கிட்டு, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல அதுக்கு குடுத்திருக்கிற எஸ்எம்எஸ் பெர்மிஷன், நோட்டிஃபிகேஷன் படிக்கற பெர்மிஷன் ரெண்டையும் பிடுங்கிடுங்க. கடைசியா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோட டிவைசஸ் பக்கத்துல போன் பேர் இருந்தா அதையும் எடுத்துடுங்க.

கூகுள் மெசேஜஸ்க்கு ப்ரவுசர் வழி ஒண்ணு தனியா இருக்கு, அதுவும் 2018ல வந்தது தான், போன் லிங்க நிறுத்தினா இது நிக்காது. போன்ல மெசேஜஸ் ஆப்ல உங்க ப்ரொஃபைல் படத்த தொட்டா டிவைஸ் பேரிங்னு வரும், எந்தெந்த கம்ப்யூட்டர் ஜோடியா இருக்குன்னு காட்டும், தெரியாதது ஏதாவது இருந்தா உடனே எடுத்துடுங்க. கம்ப்யூட்டர விக்கறதுக்கோ சர்வீஸ்க்கு குடுக்கறதுக்கோ முன்னாடி இந்த லிஸ்ட கட்டாயம் பாருங்க, காட்பாடி ரோட்ல எந்த கடைல குடுத்தாலும் அவங்களுக்கு உங்க மெசேஜ் தேவையில்ல.

மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். என் தங்கச்சி பையன் பெங்களூர்ல மேக்ல வேலை செய்றான், "மாமா, மேக்ல இருக்கிற மெசேஜ் எல்லாம் டெலீட் பண்ணிட்டா போதும்ல"ன்னு கேட்டான். பண்ணவே பண்ணாதடான்னேன். ஐக்ளவுட்ல மெசேஜஸ் ஆன்ல இருந்தா ஒரு பக்கம் அழிச்சா ஐபோன்லயும் அழிஞ்சுடும். மேக்ல மெசேஜஸ் செட்டிங்ஸ்ல ஐமெசேஜ் உள்ள போய் சைன் அவுட் பண்ணணும், ஐபோன்ல மெசேஜஸ் செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங்ல மேக் பேர ஆஃப் பண்ணணும். எதையும் அழிக்க வேண்டிய அவசியமே இல்ல.

நிறுத்தின பிறகு முதல் 20ஆம் தேதி கஷ்டமா தான் இருந்துச்சு, இல்லன்னு சொன்னா பொய். கை பழக்கத்துல மவுஸு அந்த மூலைக்கே போவும். போன டேபிள்ல ஒரு ஸ்டாண்டுல என் பக்கம் திருப்பி வெச்சேன், ஆறு நம்பர பாத்து அடிக்கறேன், அவ்ளோ தான், ரிட்டர்னுக்கு சில செகண்டு கூட ஆவுது. மிச்சமானது தான் பெருசு. முன்னாடி விளம்பர மெசேஜ் ஒண்ணு வந்தாலும் கண்ணு அங்க போய்ட்டு வரும், ஐடிசி, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டின வரிய கழிச்சுக்கறது, அத டேலி பண்ணிகினு இருக்கிற கணக்கு விட்டுப் போவும், மறுபடி மேல இருந்து பாக்கணும். இப்ப சப்ளையருங்க ஏத்தின பில்லு லிஸ்ட், அந்த 2பிய எடுத்து உக்காந்தா ஒரு பார்ட்டி முடியற வரைக்கும் தலை நிமிர்றதில்ல. விளம்பரம் வேணாம்னு 1909க்கு மெசேஜ் அனுப்பி டிஎன்டி போட்டதும் உதவுது, 2025ல இருந்து அனுப்பறவங்க பேருக்கு பின்னாடி பி, எஸ், டி, ஜின்னு எழுத்து வேற வருது, பி போட்டிருந்தா விளம்பரம்னு திறக்காமலே விட்டுடலாம், ஜி அரசாங்கத்தோடது, அத விடறதில்ல.

நிஜமாவே குறையா படறது ரெண்டு தான். நீளமா தமிழ்ல அடிக்கறது போன்ல கஷ்டம், இப்ப பெரிய விஷயம்னா கூப்பிட்டு பேசிடறேன், பார்ட்டிங்களுக்கும் அது தான் பிடிக்குது. இன்னொண்ணு வாட்ஸ்அப். பர்ச்சேஸ் பில்லு, லாரி நம்பர் எல்லாம் போட்டோ எடுத்து அதுல தான் அனுப்பறாங்க, அத கம்ப்யூட்டர்ல எடுக்காம ஈவே பில், அதாவது சரக்கு லாரில போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, போட முடியாது. அதுக்கு தொழிலுக்குன்னு தனி நம்பர் வெச்சு அத மட்டும் காலைல லிங்க் பண்றேன், நோட்டிஃபிகேஷன் ஆஃப், பொண்ணு வந்து உக்காரறதுக்கு முன்னாடி லாக் அவுட். வீட்டு நம்பர் கம்ப்யூட்டர் பக்கமே வர்றதில்ல. வாட்ஸ்அப்ல நாலு கருவி வரைக்கும் லிங்க் பண்ண விடுவாங்க, போன்ல வாட்ஸ்அப்ப 14 நாள் திறக்காம விட்டா அது தானா அறுபடும், அது வரைக்கும் பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடிகினே இருக்கும், அதனால லிங்க்டு டிவைசஸ் பக்கத்த அப்பப்ப பாக்கறது நல்லது.

ஓடிபி மெயிலுக்கும் வருதுன்னு மேல சொன்னேன்ல, எஸ்எம்எஸ்ஸ நிறுத்திட்டு அந்த மெயில் அதே ப்ரவுசர்ல திறந்தே கிடந்தா செஞ்சது பாதி தான். அந்த மெயில இப்ப போன்ல மட்டும் வெச்சிருக்கேன்.

அதோட, பார்ட்டிங்க ஓடிபி என் போனுக்கு வர்றதே சரி இல்லன்னு இந்த ஒரு வருஷத்துல எனக்கு உறுதியா தோணிடுச்சு. அவங்க தொழில், அவங்க கையெழுத்துக்கு சமம் அந்த நம்பர். போர்ட்டல்ல "நான்-கோர் ஃபீல்ட்ஸ்" (Non-Core Fields) அமெண்ட்மெண்ட்ல போய் மொபைலும் மெயிலும் மாத்திடலாம், ஆபிசர் அப்ரூவல் எல்லாம் வேணாம், புது நம்பருக்கு ஓடிபி வந்தா முடிஞ்சுது. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மாத்திகினு வரேன். முக்கால்வாசி பேர் ஒத்துக்கிட்டாங்க, குடியாத்தம் பார்ட்டிங்க தான் முதல்ல மாத்தினாங்க, இப்ப 20ஆம் தேதி காலைல அவங்களே போன் பண்ணி "சார் ஓடிபி அனுப்புங்க, ரெடியா உக்காந்திருக்கேன்"னு சொல்றாங்க. பேரணாம்பட்டு பாய் ஒருத்தர் மட்டும் "உங்கள நம்பி தான குடுத்தோம், இப்ப எதுக்கு மாத்தறீங்க"ன்னு வருத்தப்பட்டாரு. அவர போன்ல பேசி சமாதானம் பண்ண முடியல, அடுத்த ரிட்டர்னுக்கு முன்னாடி நேர்ல போய் உக்காந்து விளக்கி மாத்திட்டு வரணும்.