1,25,000 ரூபாய் போச்சு: கவுன்சிலிங்குக்கு முன்னால் தனியார் பல்கலையில் "சீட் பிளாக்" பண்ணப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை மெயில் வந்தது. மூன்றே வரி. "மாணவர் சொந்த விருப்பத்தின் பேரில் விலகியுள்ளார். செலுத்திய தொகையைக் கோர மாட்டேன் என எழுத்துப்பூர்வமாக உறுதியளித்துள்ளார். எனவே தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது." அனுப்பியது அந்தத் தனியார் பல்கலையின் மாணவர் குறைதீர் குழு. எங்கள் வீட்டுப் பையனின் இன்ஜினியரிங் சீட்டுக்காகக் கட்டியது 1,25,000 ரூபாய், திரும்பி வந்தது ஒன்றுமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் "சரி விடு, போனது போச்சு" என்று வீட்டிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் போடவில்லை. தமிழ்நாட்டில் ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (பல்கலைக்கழக அந்தஸ்து பெற்ற தனியார் நிறுவனம்), ஒரே வளாகம், அவ்வளவு போதும். பணம் எந்த வழியாகப் போனது, எங்கெங்கே தடுத்திருக்கலாம் என்று சொல்கிறேன். சின்ன தனியார் பல்கலையா, பெரிய அரசுப் பல்கலையா என்று முடிவெடுக்கப் பத்துப் பாயின்ட் கடைசியில் தருகிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். நிகர்நிலைகள் டிஎன்இஏ என்கிற, தமிழக அரசின் ஒற்றைச் சாளர இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குள் வருவதில்லை. அவர்களுடைய நுழைவுத் தேர்வு, ரிசல்ட், அட்மிஷன் எல்லாம் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஓடிவிடும். டிஎன்இஏ ஒதுக்கீடு தொடங்க ஜூலை ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் கட்-ஆஃப் கையில் இருக்கும். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200-க்கு எவ்வளவு என்று ரிசல்ட் அன்றே பையன் கூட்டிச் சொல்லிவிடுவான். அது எந்தக் கல்லூரியில் கொண்டுபோய் விடும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. போன வருடப் பட்டியலை வைத்து ஊகிக்கலாம். அந்த ஊகத்தோடு இருக்கும் பயத்துக்குத்தான் அவர்கள் விலை போட்டு வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் போட்ட விலை 1,25,000.

அட்மிஷன் ஹாலில் இருந்த அம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சிஎஸ்இ-யில் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) மீதி 4 சீட். (மறுநாள் போன இன்னொரு குடும்பத்துக்கும் அதே 4-தான் காட்டியிருக்கிறார்கள். இது பிறகுதான் தெரிந்தது.) யோசிக்கிறோம் என்று எழுந்தபோது அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"சார், நீங்க கட்டுறது ஃபீஸே இல்ல, டோக்கன் மாதிரிதான். அண்ணா யுனிவர்சிட்டி கெடச்சா நாங்களே சந்தோஷமா அனுப்பி வெப்போம். யுஜிசி ரூல் இருக்கு சார், கேன்சல் பண்ணா முழுப் பணமும் குடுத்தே ஆகணும்."

அவர் சொன்ன விதி உண்மையான விதி. அதனால்தான் நம்பினோம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையில் பணம் திருப்பித் தரும் படிநிலை இருக்கிறது: அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் 100 சதவீதம், 15 நாளுக்குள் என்றால் 90, தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. விண்ணப்பித்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தனிச் சுற்றறிக்கை போட்டு இன்னும் தளர்த்தினார்கள். 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம்.

ஆனால் இந்த விதி பேசுவது "ஃபீஸ்" பற்றி. அந்த அம்மாவின் முதல் வாக்கியத்தை மறுபடி படியுங்கள். "நீங்க கட்டுறது ஃபீஸே இல்ல." ஒரே மூச்சில் விதியையும் சொல்லி, விதிக்கு வெளியே நிறுத்தும் வார்த்தையையும் சொல்லிவிட்டார். உட்கார்ந்திருந்த எங்களுக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

ரசீது இரண்டு கொடுத்தார்கள். ஒன்று பல்கலைக்கழகத்தின் பெயரில், "பதிவுக் கட்டணம்" 25,000. இன்னொன்று ஒரு கல்வி அறக்கட்டளையின் பெயரில், "வளாக மேம்பாட்டு நிதி" 1,00,000. முதல் ரசீதில் பையன் பெயர், விண்ணப்ப எண், படிப்பு எல்லாம் இருக்கிறது. இரண்டாவதில் அப்பா பெயர் மட்டும்தான். படிப்பு, ஆண்டு எதுவும் இல்லை. கீழே எறும்பு அளவு எழுத்தில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது". இதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பஸ் ஏறினோம்.

கூடவே பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிசி எல்லாம் ஒரிஜினல் கேட்டார்கள். "வெரிஃபிகேஷனுக்கு, ஒரு வாரத்துல தந்துடுவோம்." ஒரிஜினலைச் சரிபார்த்த உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிக்கையில்தான் இருக்கிறது.

ஜூலையில் கவுன்சிலிங். முதல் சுற்றில் தற்காலிக ஒதுக்கீடு வந்தது, "அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்" (இதை ஏற்கிறோம், மேலே இடம் வந்தால் மாற்றுங்கள்) கொடுத்தோம், மேலே நகர்ந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரி ஒன்றிலேயே இடம் விழுந்தது. போய்ச் சேர சில நாள்தான் அவகாசம், கடைசி நாள் சனிக்கிழமை. டிசி இல்லாமல் சேர முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரிஜினல் வாங்க அந்தத் தனியார் பல்கலைக்குப் போனால் அச்சடித்த கடிதம் ஒன்றை நீட்டினார்கள். முதல் வரி, சொந்தக் காரணங்களால் விலகுகிறேன். இரண்டாவது வரி, சான்றிதழ்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன். மூன்றாவது வரி, செலுத்திய தொகை எதையும் எதிர்காலத்தில் கோர மாட்டேன். "இதுல சைன் போட்டீங்கன்னா அரை மணி நேரத்துல ஒரிஜினல் கைல." மூன்றாவது வரியை அடித்துவிட்டுப் போடுகிறோம் என்றதும், "அப்ப டீன் அப்ரூவல் வேணும் சார். டீன் திங்கக்கிழமைதான் வருவாங்க." திங்கட்கிழமை வரை காத்திருந்தால் அரசு இடம் போய்விடும். பையனும் போட்டான், கார்டியன் என்ற இடத்தில் நாங்களும் போட்டோம். 1,25,000 ரூபாய் போனது மே மாதம் இல்லை, அந்த வெள்ளிக்கிழமைதான்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "எதிர்ப்புடன் கையெழுத்திடுகிறேன், பணம் கோரும் உரிமையை விட்டுத்தரவில்லை" என்று கையால் எழுதித் தேதி போட்டிருக்க வேண்டும். எழுத விடவில்லை என்றால் கடிதத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு, வாசல் தாண்டியதும் அங்கே நின்றபடியே ரிஜிஸ்திராருக்கு மெயில் தட்டியிருக்க வேண்டும்: சான்றிதழைத் தராமல் நிறுத்தி வைத்து இந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், எனக்குச் சம்மதமில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று. அதே நாள் தேதியில் அந்த மெயில் இருந்தால் கதையே வேறு. நாங்கள் அனுப்பியது பன்னிரண்டு நாள் கழித்து.

அந்தப் பன்னிரண்டு நாளும் போன் சுற்றியதில் போனது. அக்கவுண்ட்ஸில் கேட்டால் அட்மிஷன் செல்லைக் கேளுங்க. அட்மிஷன் செல்லில் கேட்டால் ரீஃபண்டுக்குத் தனி டீம் இருக்கு. அந்த டீமில் கேட்டால் ஆடிட் நடக்குது சார், 90 வேலை நாள் ஆகும். திரை காட்டிய அம்மாவின் நம்பரில் வேறு ஒரு பையன் எடுத்து, "அந்த மேடம் இப்ப இல்ல சார், இந்த நம்பர் ஆபீஸ் நம்பர்" என்றான். 1,00,000 ரூபாய் ரசீதைக் காட்டினால் "இது டிரஸ்ட் சார், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல". டிரஸ்ட் ஆபீஸ் எங்கே? அதே கட்டடம், இரண்டாவது மாடி. போனேன். கதவில் பூட்டு.

போனில் கேட்டது எதுவும் கணக்கில் வராது. விதிப்படி "விண்ணப்பித்த நாள்" என்றால் எழுத்தில் கொடுத்த நாள். யுஜிசியின் 2023 குறைதீர் ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். பணத்தைத் தராமல் இழுப்பது, சான்றிதழைப் பிடித்து வைப்பது இரண்டுமே அதில் "குறை" என்றே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு. அது போக புகார் கொடுக்க யுஜிசியின் இ-சமாதான் தளம் இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்கிறார்கள். கல்வி "சேவை"யில் வருமா வராதா என்று இரண்டு விதமாகவும் தீர்ப்புகள் இருப்பதால் வக்கீலே அரை மனதாகத்தான் பேசுகிறார்.

சரி, எது நல்லது என்ற கேள்வி. அரசுப் பல்கலை என்றால் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் கூட்டம், காலியாகக் கிடக்கும் பேராசிரியர் பணியிடங்கள், ஒரு போனஃபைடு சான்றிதழுக்கு நாள்கணக்கில் நடை. அங்கே பையனை யாரும் தேட மாட்டார்கள், அவனேதான் எல்லாவற்றையும் தேடிப் போக வேண்டும். படிப்பை உறுதியாக முடிவு செய்துவிட்ட பையன், யாராவது பக்கத்தில் நின்று கவனித்தால்தான் படிப்பான், நாலு வருடக் கட்டணமும் கடன் இல்லாமல் கட்ட முடியும் என்றால் சின்ன தனியார் பல்கலை சரியாகவே இருக்கலாம். அரசில் மெட்டலர்ஜி, தனியாரில் சிஎஸ்இ என்று வந்து நிற்கும்போது எதை எடுப்பது என்பது நிஜமான குழப்பம். அதை உட்கார்ந்து யோசிக்கத்தான் அந்த இரண்டு மாதம். அட்வான்ஸ் கட்டிவிட்டால் யோசனை முழுக்க "கட்டின காசு என்னாகும்" என்பதைச் சுற்றியே ஓடும்.

விளம்பரத்தில் "பல்கலைக்கழகம்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அடைப்புக்குறிக்குள் "நிகர்நிலை" இருக்கிறதா பாருங்கள். 2017-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிகர்நிலைகள் பெயரில் வெறும் "யுனிவர்சிட்டி" என்று போடக்கூடாது. தரச் சான்றுகளில் நாக் கிரேடு மொத்த நிறுவனத்துக்கு, என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. புதிதாகத் தொடங்கிய ஏஐ, டேட்டா சயின்ஸ் படிப்புக்கு என்பிஏ இருக்கவே முடியாது, மாணவர்கள் படித்து முடித்து வெளியேறிய பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். ஆனாலும் மொத்த நிறுவனத்தின் நாக் கிரேடை வைத்து அந்தப் படிப்புக்கும் "ஏ பிளஸ் பிளஸ்" என்று பேனர் அடிப்பார்கள்.

பேனரில் இருக்கும் "அதிகபட்ச சம்பளம்" ஒரே ஒரு பையனுடையது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த நிறுவனம் தான் கொடுத்த தரவுகளைத் தன் இணையதளத்தில் பிடிஎஃப்பாகப் போட்டிருக்க வேண்டும். அதில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், சம்பளத்தின் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை) எவ்வளவு என்று இருக்கும். ஆசிரியர் பட்டியலும், அவர்கள் சேர்ந்த தேதியும் இருக்கும். பாதிப் பேர் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் "தனிக் கவனம்" என்ற பேச்சு எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹாலில் திரை காட்டும்போது நாங்கள் இந்த பிடிஎஃப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று, முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச் சாளரம் வழியாகச் சேர்ந்தால்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், அரசே கட்டணம் கட்டுவதும் அப்படித்தான். நிகர்நிலையில் இதைக் கேட்டால் "எங்க ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு சார்" என்பார்கள். எத்தனை வருடத்துக்கு, எந்த மார்க்குக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பத்துப் பாயின்ட் எழுதப் பொறுமை இல்லை. இவ்வளவுதான்:

ஒரிஜினல் சான்றிதழ் கொடுக்காதீர்கள், நகல் போதும். எவ்வளவு கெஞ்சினாலும், மிரட்டினாலும் டிசி மட்டும் கொடுக்கவே கூடாது.

ரசீதில் பல்கலையின் பெயர், மாணவர் பெயர், படிப்பு, "டியூஷன் ஃபீஸ்" என்ற வார்த்தை, இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ரசீதுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். டிரஸ்ட், நிதி, நன்கொடை என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சேரும் ஆண்டுக்கு மேல் முன்பணம் கேட்டாலும் அப்படியே, அதற்கும் யுஜிசி தடை இருக்கிறது.

"முழுப் பணமும் திரும்ப வரும்" என்று வாயால் சொன்னால், அதையே அவர்களுடைய ஆபீஸ் மெயிலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் அதற்குப் பிறகு.

விலகல் கடிதத்தை முழுக்கப் படியுங்கள்.

மேல்முறையீட்டுக்கு 15 நாள், அதில் இன்று ஒன்று போய்விட்டது. டிரஸ்ட் ரசீதில் மை மங்க ஆரம்பித்திருக்கிறது, முதலில் அதை ஸ்கேன் எடுக்க வேண்டும்.