கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு மங்கல் படம் காட்டினார்கள்: டிக்கெட் எடுக்கும் முன் படித்துவிடுங்கள்

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து, "எனக்குக் கண் மறுபடியும் மங்குகிறது போலிருக்கிறது. யார் முகமும் சரியாகத் தெரியவில்லை" என்று காதோடு சொன்னார். நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு இரண்டு கண்களிலும் புரை நீக்கியிருந்தோம். அவர் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. இரவுக் காட்சி என்பதால் அப்படி இருக்கும், அடுத்த காட்சியில் சரியாகிவிடும் என்று சமாதானம் சொன்னேன். அடுத்து வந்தது நடுப்பகலில் வெட்டவெளியில் நடக்கும் காட்சி. அதுவும் அந்தி மயங்கிய நேரம் போலவே இருந்தது.

அந்தப் பயம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அந்த வளாகத்திலேயே மிக அதிகக் கட்டணம் உள்ள திரையில் ஐந்து டிக்கெட் எடுத்திருந்தேன். அம்மாவுக்குச் சிகிச்சைக்குப் பிறகு இதுதான் முதல் படம், நன்றாகப் பார்க்கட்டும் என்ற ஆசை. இரண்டரை மணி நேரமும் அவர் தன் கண்ணைச் சந்தேகித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கோளாறு அவர் கண்ணில் இல்லை, ப்ரொஜெக்டரில் இருந்தது என்பது மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

பணம் போன வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலியில் படத்தின் பெயருக்குக் கீழே ஒரு விலை இருந்தது. அந்த விலைக்கு நான் மனத்தைத் தயார்படுத்திக்கொண்டேன். உள்ளே போனால், அது முன்வரிசையில் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய சில இருக்கைகளுக்கான விலை. நடுவில் உள்ளவை எல்லாம் வேறு நிறத்தில், வேறு விலையில் இருந்தன. அதற்கு மேல் பெரிய திரைக்கான கூடுதல் கட்டணம். இருக்கைகளைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. சில நிமிடங்களுக்குள் பணம் கட்டாவிட்டால் இருக்கை போய்விடும். அந்த அவசரத்தில்தான் கடைசிப் பக்கம் வந்தது: வசதிக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி, நான் கேட்காமலே குறியிடப்பட்டிருந்த ஒரு நன்கொடை. வசதிக் கட்டணத்தை ஒரு முன்பதிவுக்கு ஒன்று என்று வாங்கவில்லை, டிக்கெட்டுக்கு ஒன்று என்று வாங்கினார்கள். ஒரே முறை பணம் கட்டினேன், ஐந்து முறை கட்டணம் எடுத்துக்கொண்டார்கள். நான் முதலில் பார்த்த விலையை ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன். கொடுத்த தொகை ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

இது எங்கும் நடக்கிற தந்திரம்தான். ஆங்கிலத்தில் இதற்குச் 'சொட்டுச் சொட்டாக விலை' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைப் பட்டியலிடுகின்றன. விலையைக் கடைசி வரை மறைப்பதும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அதில் உண்டு. பிரிட்டனில் கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் நாட்டில் சட்டம் எப்படி இருந்தாலும், கடைசிப் பக்கத்தில் உள்ள தொகையைப் பார்க்கும்வரை வீட்டில் யாரிடமும் 'போகலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளிடம் சொன்ன பிறகு நம்மால் பின்வாங்க முடிவதில்லை. அரங்கின் கவுன்ட்டரில் நேரில் வாங்கினால் இந்த வசதிக் கட்டணம் இல்லாத இடங்கள் பல உண்டு. முதல் வார இறுதியில் அது சிரமம். மற்ற நாள்களில் முயன்று பார்க்கலாம்.

விலை ஏறியதைக்கூட நான் ஏற்றுக்கொண்டுவிடுவேன். கூடுதலாக வாங்கிய பணத்துக்கு உரியதைத் தராமல் விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருபது நிமிடம் ஆனதும் எழுந்து வெளியே போனேன். வாசலில் நின்ற இளைஞரிடம் படம் இருட்டாக இருக்கிறது என்றேன். "படமே அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள், மேடம்" என்றார். மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் இன்னொரு அரங்கில் இருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்று பதில் வந்தது. ஆபரேட்டரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். "இப்போதெல்லாம் ஒவ்வொரு திரைக்கும் தனி ஆபரேட்டர் கிடையாது, எல்லாம் கணினியில் தானாக ஓடுகிறது" என்றார் அந்தப் பையன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளெல்லாம் நின்று வேலை செய்பவர், அவருக்கு எதுவும் சொல்லித் தரப்படவில்லை. திரும்பி உள்ளே போகும்போது மேலே, ஒளி வரும் சன்னலைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள் வந்துகொண்டிருந்தன. அதற்கு என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் அண்ணனின் நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் திரையரங்கு ஆபரேட்டராக இருந்தவர். மூன்று நாள் கழித்து அவரிடம் இதைச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "கற்றை ஒன்றா, இரண்டா?" என்பது. இரண்டு என்றேன். "முந்தைய காட்சி 3டி படமாக இருந்திருக்கும். லென்ஸைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள்" என்றார். அன்றைய காட்சிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே, அதே திரையில் எங்களுக்கு முந்தைய காட்சி ஒரு 3டி படம்தான்.

அவர் விளக்கியது இது. டிஜிட்டல் ப்ரொஜெக்டர்களில் ஒரு வகையில், 3டி படத்துக்கு இரட்டை லென்ஸ் ஒன்றை மாட்டுவார்கள். மேல் பாதி ஒரு கண்ணுக்கு, கீழ்ப் பாதி மறு கண்ணுக்கு. இரண்டின் முன்னாலும் ஒளியை வடிகட்டும் துருவக் கண்ணாடி இருக்கும். அந்த வடிகட்டி மட்டுமே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். சாதாரணப் படம் ஓட்டும்போது அதைக் கழற்றி வேறு லென்ஸை மாட்ட வேண்டும். அதற்கு நேரம் ஆகும், பழகிய கையும் வேண்டும். ஆளைக் குறைத்துவிட்ட அரங்குகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது புதிய குற்றமும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் குளோப் நாளேடு 2011 மே மாதமே இதை விரிவாக எழுதியிருக்கிறது. அத்தனை ஆண்டுகள் கழித்தும் என் அம்மா அதற்குத் தன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். சில பெரிய அரங்குகளில் வெளிச்சம் போதாது என்று இரண்டு ப்ரொஜெக்டர்களைச் சேர்த்தே ஓட்டுவார்கள். அங்கே இரண்டு கற்றைகள் இருப்பது இயல்பு. படமும் பளிச்சென்று இருக்கும். ஒரே கருவியிலிருந்து ஒட்டினாற்போல் மேலும் கீழுமாக இரண்டு கற்றைகள் வந்து, படமும் மங்கலாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு கற்றையே வந்தாலும் படம் மங்கலாக இருக்கலாம். அப்போது விளக்கைச் சந்தேகிக்க வேண்டும். பல ப்ரொஜெக்டர்களில் எரியும் செனான் வாயு விளக்குகளுக்கு ஆயுள் சில நூறு மணி முதல் சில ஆயிரம் மணி வரைதான். எரிய எரிய வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். விலை அதிகம் என்பதால், மாற்ற வேண்டிய காலம் தாண்டியும் சிலர் ஓட்டுகிறார்கள். லேசர் ப்ரொஜெக்டர் என்றால் 20,000 மணிக்கு மேல் வரும். ஆனால் அதுவும் மெல்ல மெல்லக் குறையும் வெளிச்சம்தான்.

வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அவரவர் ரசனையைப் பொறுத்ததும் இல்லை. சாதாரணப் படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அளவு உண்டு. ஹாலிவுட்டின் பெரிய படநிறுவனங்கள் 2002இல் கூடி அமைத்த டிஜிட்டல் சினிமா குழு, 2005இல் வெளியிட்ட விதிகளிலும் இதே அளவுதான். ஒளிப்பதிவாளர் இரவுக் காட்சியில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது இந்த அளவை நம்பித்தான். 3டியில் இதில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து சேர்ந்தாலே வழக்கமான அளவு. அதற்குத்தான் நாம் கூடுதல் கட்டணமும் கண்ணாடிக்குத் தனிக் கட்டணமும் கொடுக்கிறோம். வயதானவர்களை, கண் சிகிச்சை செய்தவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் 3டி காட்சியைத் தவிர்த்துவிடுங்கள். அதே படம் சாதாரண வடிவில் ஓடினால் அதற்கே போங்கள்.

'பெரிய திரை' என்ற பெயரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பெரிய திரை என்றதும் நினைவுக்கு வரும் ஐமேக்ஸ், 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் அறிமுகமானபோது அது 70 மி.மீ. படச்சுருள். படத்தின் உயரமே நம்மை விழுங்குவது போலிருக்கும், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.43:1. 2008 முதல் வந்த டிஜிட்டல் அரங்குகளில் பெரும்பாலானவை 1.90:1 விகிதத்தில், ஏற்கெனவே இருந்த பெரிய அரங்குகளை மாற்றி அமைத்தவை. பெயர் ஒன்று, அனுபவம் வேறு. மற்ற அரங்குகள் தாங்களே வைத்துக்கொள்ளும் பெயர்களுக்கோ எந்தப் பொது வரையறையும் கிடையாது. நாங்கள் பார்த்த படம் எடுக்கப்பட்டதே அகலமான 2.39:1 விகிதத்தில். அந்த உயரமான திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளாகவே போயிற்று. பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: திரையின் அகலம் எத்தனை மீட்டர், படம் எந்த விகிதத்தில் வந்திருக்கிறது. இதை நான் செய்திருந்தால் சாதாரண அரங்கிலேயே உட்கார்ந்திருப்பேன்.

நான் செய்த பெரிய தவறு, இருபது நிமிடம் காத்திருந்ததும், பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்ததும். படம் முடிந்ததும் கவுன்ட்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "முழுப் படமும் பார்த்துவிட்டீர்களே" என்று முடித்துவிட்டார்கள். ஆகவே விளம்பரங்கள் ஓடும்போதே கவனியுங்கள். வெள்ளைப் பின்னணி வரும்போது அது வெள்ளையாக இருக்கிறதா, சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருக்கிறதா? வெளியேறும் வாசல் விளக்கு திரையைவிடப் பளிச்சென்று தெரிகிறதா? சந்தேகம் வந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே வாருங்கள். 3டி லென்ஸ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'இருட்டாக இருக்கிறது' என்றால் தட்டிக் கழிப்பார்கள். லென்ஸ் என்ற சொல்லைக் கேட்டால் உள்ளே யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்ப்பார். சரிசெய்யாவிட்டால் உள்ளே திரும்பாதீர்கள், அங்கேயே நின்று பணத்தைக் கேளுங்கள். சான்றுக்காகத் திரையைப் படமெடுக்கப் போகாதீர்கள். படத்தைப் பதிவு செய்வது பல நாடுகளில் குற்றம், பழி உங்கள்மேல் திரும்பிவிடும். நேரம், திரை எண், இருக்கை எண், யாரிடம் சொன்னீர்கள் என்பதை எழுதி, அரங்கில் இருக்கும்போதே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அரங்குகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. படம் வந்த முதல் வாரங்களில் டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடுகிறது. அரங்கின் கையில் நிற்பது தின்பண்டமும் பானமும் தரும் லாபம்தான். அதனால்தான் அங்கே விலை அப்படி இருக்கிறது. வீட்டில் பார்ப்பது எளிதாகிவிட்ட பிறகு கூட்டமும் குறைந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய திரையரங்கு நிறுவனமான ஏஎம்சி, நடு இருக்கைகளுக்குக் கூடுதல் விலை என்று 2023 பிப்ரவரியில் அறிவித்து, சோதனை செய்துவிட்டு, ஜூலையிலேயே கைவிட்டது. சங்கடம் புரிகிறது. ஆனால் வருமானம் குறைந்ததற்கு ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் செய்த வேலை நடக்காத திரைக்கே அதிகக் கட்டணம் வாங்குவதை எந்தச் சங்கடமும் நியாயப்படுத்தாது.

அம்மாவை மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்களும் நன்றாக இருக்கின்றன என்றார். அந்தப் பரிசோதனைச் செலவையும் நான் டிக்கெட் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அரங்குக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, அடுத்த முறை ஒரு டிக்கெட்டுக்குத் தள்ளுபடி தரும் சீட்டு ஒன்றை அனுப்பினார்கள். அதே திரைக்கு, ஒரு மாதத்துக்குள், வசதிக் கட்டணம் தனி. இரண்டாவது மின்னஞ்சலில் நான் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த லென்ஸைக் கழற்றிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பதினெட்டு நாள் ஆகிறது, பதில் இல்லை. நுகர்வோர் புகார் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.